கதவில்லாத மரத்தளம்

நெஸ்டர் பவ்லிக் தன் எழுபத்தொரு வயதுக்குள் ஒரு தடவைகூடத் தப்புச் செய்ததில்லை. அப்படி அவர்தான் சொல்லிக்கொள்வார். குளிர்தேசத்துச் சிற்றூரான கனோராவில் அதை நம்பியவர் எத்தனை பேர் என்று கேட்டால், அதுவும் அவர் ஒருவர்தான்.

வேலையில் குறை சொல்ல முடியாத மனுஷன். முப்பத்தாறு வருடம் தானியக் கிடங்குகளில் தச்சு வேலை பார்த்தவர். அங்கே குடியேறிய உக்ரைனியரின் தேவாலயக் கூடத்தில் அவர் போட்ட மாடிப்படி இன்றைக்கும் முனகுவதில்லை. கல்யாணத்துக்கு நானூறு பேர் ஏறி இறங்கினாலும் முனகுவதில்லை. தொல்லையெல்லாம், எப்போதாவது ஏதாவது தப்பாகப் போகிறபோதுதான். ஒருமுறை டாஃபின் போகும் வழியில் வேறு சாலையில் திரும்பித் தொண்ணூறு கிலோமீட்டர் ஓட்டினார். பக்கத்தில் மனைவி வெர்னா வரைபடத்தை மடியில் விரித்துவைத்துக்கொண்டு வாயைத் திறக்காமல் வந்தாள். சாலை ஓர் ஏரிக்கரையில் போய் முடிந்தது. நெஸ்டர் இறங்கி, இடுப்பில் கைவைத்து நின்று, "இந்த ஏரியப் பாக்கணும்னு ரொம்ப நாளா நினைச்சிட்டிருந்தேன்" என்றார். இன்னொரு முறை அவர் கட்டிய கார் கொட்டகைக்குள் அவருடைய டிரக் நுழையவில்லை. நான்கு விரற்கடைதான் இடித்தது. மறுவாரமே டிரக்கை விற்றுவிட்டார். எஞ்சின் சரியில்லையாம்.

வெர்னா இதையெல்லாம் சிரித்துக்கொண்டே சகித்தாள். நாற்பத்தாறு வருடக் குடித்தனம். ஏரியும் கொட்டகையும் யாரையும் வலிக்கச் செய்யவில்லை.

மரத்தளம் விஷயம் வேறு.

பதினான்கு வருடங்களுக்கு முன்னால் வெர்னாவுக்கு மூட்டு வியாதி என்று டாக்டர் சொன்னார். விரல்கள், மணிக்கட்டு, முழங்கால். காலையில் எழுந்தால் சட்டைப் பித்தானைக்கூடப் போட முடியாது. வெந்நீரில் உட்கார்ந்தால் நல்லது என்று டாக்டர் சொன்ன பத்தாவது நாள், நெஸ்டர் கொல்லைப்புறத்தில் வெந்நீர்த் தொட்டியை இறக்கிவிட்டார். நான்கு பேர் உட்காரலாம். சுற்றிலும் துவாரங்களிலிருந்து தண்ணீர் பீய்ச்சியடித்து முதுகைப் பிடித்துவிடும். அதைச் சுற்றி ஆள் இடுப்பு உயரத்துக்குச் செவ்வகில் மரப் பலகையில் ஒரு தளம் கட்டினார். பலகைகள் தொட்டியின் விளிம்பை முத்தமிடுகிற மாதிரி நெருங்கி வந்து நின்றன. ஒரு திருகாணித் தலைகூட வெளியே தெரியாது. எல்லாவற்றின் மேலும் மரத்தக்கை வைத்து, பசை போட்டு, இழைத்துவிட்டார்.

"ஒரு கதவு வெச்சிரு, நெஸ்டர்," என்று வெர்னா அப்போதே சொன்னாள். "உள்ளே பம்பு இருக்கே."

"நல்ல பம்புக்குக் கதவு எதுக்கு?"

கடைசிப் பலகை அடித்த மறுநாள் சாவகாசமாக உட்கார்ந்து, தொட்டியோடு வந்த புத்தகத்தைப் புரட்டினார். ஏழாம் பக்கத்தில் கட்டம் கட்டிப் போட்டிருந்தது: பம்பு இருக்கும் பக்கத்தில் ஆள் நுழைய இடம் விட்டே தளம் அமைக்க வேண்டும். நெஸ்டர் புத்தகத்தை அடுப்பில் போட்டார். யாரிடமும் மூச்சுவிடவில்லை.

அன்றிலிருந்து தினமும் காலையில் காபிக் கோப்பையோடு போய்த் தளத்தின் மேல் நிற்பார். தன் வேலையைத் தானே ரசிக்கிறார் என்று அண்டை வீட்டார் நினைத்தார்கள். அவர் ரசிக்கவில்லை. பாதத்தின் அடியில் பலகை வழியே பம்பின் அதிர்வு வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். வந்தது. ஒவ்வொரு நாளும் வந்தது. பதினான்கு வருடமாக அந்த மனிதர் ஒவ்வொரு காலையும் பயத்தோடு வெளியே போய் நிம்மதியோடு உள்ளே வந்தார்.

ஜனவரி நான்காம் தேதி அது வரவில்லை.

மைனஸ் முப்பத்துநாலு. மூச்சு விட்டால் மீசையில் பனி கட்டுகிற குளிர். வெர்னா ஆறரை மணிக்குக் குளியலங்கியோடு வந்து தொட்டி மூடியைத் தூக்கினாள். அவள் தினப்படி இருபது நிமிடம் அதில் உட்கார்ந்தால்தான் அன்றைய நாள் தொடங்கும். உக்ரைனியர் வழக்கப்படி ஆறாம் தேதி கிறிஸ்துமஸ் விருந்து வேறு. பன்னிரண்டு பதார்த்தம் வைக்க வேண்டும். உருளைக்கிழங்கைப் பூரணமாக வைத்துக் கொழுக்கட்டை மாதிரி விளிம்பைக் கிள்ளி மூடுகிற பெரோகி மட்டும் இருநூறு. கிள்ளுவதற்கு விரல் மடங்க வேண்டும்.

"சத்தமே இல்லையே," என்றாள். "தண்ணியும் ஆறின மாதிரி இருக்கு."

நெஸ்டர் பிரேக்கரைப் போட்டார். உள்ளே பம்பு ஒரு கணம் முக்கியது, சுழலவில்லை, பிரேக்கர் விழுந்து கரண்டை நிறுத்தியது. மறுபடி போட்டார். மறுபடி விழுந்தது.

"கரண்ட்காரன் வேலை," என்றார். "குளிர்ல லைன்ல ஏதோ பண்றாங்க."

"பக்கத்து வீட்ல கிறிஸ்துமஸ் விளக்கெல்லாம் ஜெகஜோதியா எரியுது."

"அது வேற லைன்."

வெர்னா அவரைப் பார்த்தாள். உள்ளே போய் போனை எடுத்தாள். எண்ணை அழுத்த விரல் வராமல், பென்சிலின் பின்பக்கத்தால் குத்திக் குத்தி அழைத்தாள்.

ஒன்பது மணிக்கு ரோஷெல் வந்தாள். கம்சாக் ஊரிலிருந்து வேன் ஓட்டிக்கொண்டு வந்து இந்தச் சுற்று வட்டாரத்துத் தொட்டிகளையெல்லாம் பழுது பார்ப்பவள். முப்பத்தைந்து வயதிருக்கும். காதுமூடித் தொப்பி, முழங்கால் வரைக்கும் பூட்ஸ், எப்போதும் பாதி சிரிப்பு. பிரேக்கரை ஒருதரம் போட்டுக் கேட்டாள்.

"பேரிங் இறுகிப் போச்சு. பம்பையே மாத்தணும். இதுக்குப் பொருந்தற பம்பு வண்டியிலேயே இருக்கு, உங்களுக்கு அதிர்ஷ்டம்தான். கதவு எந்தப் பக்கம்?"

நெஸ்டர் வேலிக்கு அப்பால் எதையோ பார்த்தார்.

"கதவு வெக்கலை."

"வெக்கலையா, மறந்துட்டீங்களா?"

"வெக்கலை."

"வெக்கலைன்னுதான் சொல்றாரே," என்றாள் வெர்னா, சமையலறை வாசலிலிருந்து. "அவர் எதையும் மறக்கற ஆள் இல்லை."

ரோஷெல் சிரித்துவிட்டாள். "விடுங்க நெஸ்டர். இந்தப் பக்கம் பத்து வீட்ல ஆறு வீட்டுக் கதை இதான். தளம் அடிக்கிற எல்லாரும் பண்ற தப்புதான்."

ஆறுதலாகத்தான் சொன்னாள். நெஸ்டருக்குச் செவிட்டில் அறைந்த மாதிரி இருந்தது. தப்பு என்றதுகூடப் பரவாயில்லை. எல்லாரும் என்றாளே.

"கேளுங்க," என்று ரோஷெல் சிரிப்பை நிறுத்தினாள். "பம்பு நின்னா சூடு கிடையாது. தொட்டியில இருக்கற தண்ணி, மூடி இருக்கறதால ரெண்டு நாள்கூடத் தாங்கும். அடியில பம்புகிட்ட இருக்கற குழாய் தாங்காது. வேற வீடுன்னா கதவைத் திறந்து உள்ளே ஒரு பல்பைத் தொங்கவிட்டா போதும், உறையாம இருக்கும். இங்க எங்க தொங்கவிடறது? சாயந்திரத்துக்குள்ள ஓடலைன்னா குழாய் வெடிக்கும். வெடிச்சா தொட்டியைத் தூக்கி எறிய வேண்டியதுதான். புதுசு இறக்கணும்னா இந்தத் தளத்தையே பிரிக்கணும். மே மாசம் ஆயிடும்."

மே மாசம். நெஸ்டர் வெர்னாவைப் பார்க்கவில்லை. பார்க்காமலே அவள் கை கதவுப் பிடியில் எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியும்.

ரோஷெல் சாக்கட்டியால் பலகையின் மேல் ஒரு சதுரம் போட்டாள். "இந்த அளவுக்கு வழி வேணும். ரெண்டு வீட்ல எனக்காகக் காத்திட்டிருக்காங்க. ரெண்டு மணிக்கு வரேன். திறந்திருந்தா மாட்டிட்டுப் போறேன். இல்லேன்னா திங்கக்கிழமைதான், அப்ப வந்து பிரயோஜனமும் இல்லை."

வேன் போனதும் நெஸ்டர் சொன்னார்: "வெட்ட வேண்டியதில்லை. அடி வழியா போறேன்."

"எந்த அடி?"

படிக்கட்டுக்குப் பக்கத்தில், பனி வாரும் மண்வெட்டியும் தோட்டத்துக் குழாயும் போட்டுவைக்க ஒரு சின்ன அடைப்பு இருந்தது. அதற்குள் நுழைந்து ஆறு மீட்டர் தவழ்ந்தால் தொட்டியின் பக்கவாட்டை எட்டலாம் என்பது அவர் கணக்கு. குறைந்தபட்சம் ஒரு பல்பையாவது தொங்கவிட்டுவிடலாம்.

"எழுபத்தொரு வயசுல எலி வேலையா?" என்றாள் வெர்னா. "கிழவா, மாட்டிக்கிட்டா நான் எப்படி இழுப்பேன்?"

"மாட்டிக்க மாட்டேன். கட்டினவன் நான்."

திருகுளியைப் பல்லில் கடித்துக்கொண்டு, வயர் சுற்றிய பல்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு உள்ளே புகுந்தார். தரை கல்லாக உறைந்து கிடந்தது. முழங்கையால் உந்தி உந்திப் போனார். இரண்டு மீட்டர் வரை தன்மேல் அவருக்குப் பெருமையாகக்கூட இருந்தது. ஐந்தாவது மீட்டரில் உத்தரம் வழிமறித்தது.

எல்லாரும் இரண்டு கட்டை சேர்த்துத்தான் உத்தரம் போடுவார்கள். சோம்பேறிகளுக்கு இரண்டு போதும் என்று சொல்லி இவர் மூன்று போட்டிருந்தார். அதுவும் தாழ்வாக, தரைக்கும் அதற்கும் நடுவே ஒரு பூனை போகும் அளவுக்குத்தான் இடம். அந்தப் பக்கம் பல்பு வெளிச்சத்தில் தொட்டியின் பக்கவாட்டுத் தகடு தெரிந்தது. ஆறு திருகாணிகளும் புதுசு மாதிரி மின்னின. தோள்வரை கையை நுழைத்து நீட்டினார். ஒரு சாண் எட்டவில்லை. ஒரு குச்சியில் பல்பைக் கட்டித் தள்ளிப் பார்த்தார். தகட்டுக்கு வெளியே எரிகிற பல்பால் என்ன பயன்? தகட்டைக் கழற்றினால்தானே சூடு உள்ளே போகும்.

அப்படியே குப்புறக் கிடந்தார். தன் கட்டுமானத்தைத் தலைக்கு மேல் இவ்வளவு கிட்டத்தில் அவர் பார்த்ததே இல்லை. மூட்டுகள் எல்லாம் மயிரிழை பிசகாமல் இருந்தன. இவ்வளவு நேர்த்தியாகவா ஒரு மனிதன் முட்டாளாக இருப்பான் என்று அவருக்குத் தோன்றியது.

மேலே காலடிச் சத்தம் கேட்டது. வெர்னா. காலை நேரத்து நடை, கைப்பிடியைப் பிடித்து ஒவ்வோர் அடியாக. வெந்நீரில் இறங்காத நாளின் நடை எப்படியிருக்கும் என்று அவர் இதுவரை காதால் கேட்டதில்லை. சரியாக அவர் தலைக்கு மேலே நின்றாள். துடைப்பத்தால் பலகையைப் பெருக்கும் சத்தம். சாக்கட்டிக் கோட்டின் மேல் விழுந்திருந்த பனியை ஒதுக்குகிறாள். துடைப்பம் கீழே விழுந்தது. எடுத்தாள். இரண்டு இழுப்பு. மறுபடி விழுந்தது. இந்த முறை எடுக்க வெகுநேரம் ஆயிற்று. எடுத்து மறுபடி பெருக்கினாள்.

நெஸ்டருக்குக் கண் கலங்கிவிட்டது. குளிரில் அது இமையிலேயே ஒட்டிக்கொண்டது. பின்னோக்கித் தவழ்ந்தபோது ஓர் ஆணியில் கோட்டு மாட்டி முதுகுவரை கிழிந்தது. கிழியட்டும் என்று இழுத்துக்கொண்டு வெளியே வந்தார்.

"ரம்பத்தை எடுத்திட்டு வரேன்," என்றார்.

"எதுக்கு?" வெர்னாவுக்குத் தெரியும். இருந்தாலும் கேட்டாள்.

"கதவு வெக்கணும்."

"இப்பவா?"

"பதினாலு வருஷம் லேட்டுதான்."

வெட்டுவது அவ்வளவு லேசாக இல்லை. எக்ஸ்டென்ஷன் வயர் குளிரில் விறைத்துக் கம்பியாக நின்றது. உதறினால் ஒடிந்துவிடும் போலிருந்தது. வெர்னா அதைச் சமையலறைக்குள் இழுத்து, அடுப்புப் பக்கத்தில் கொஞ்சம் இளக்கி, வாசல் வழியாக விட்டாள். முதலில் பலகைகளை முழுசாகக் கழற்றிவிடலாம் என்று நெஸ்டர் நினைத்தார். உளியால் தக்கையைப் பெயர்த்தார், திருகாணியைச் சுழற்றினார், கடப்பாரையால் நெம்பினார். பலகைக்கும் சட்டத்துக்கும் நடுவே போட்டிருந்த பசை விடவில்லை. தன் வேலை எவ்வளவு உறுதி என்று அன்றைக்குத்தான் அவருக்கு உறைத்தது. ஜென்ம விரோதி எவனோ கட்டிவிட்டுப் போன மாதிரி இருந்தது.

கடைசியில் சாக்கட்டிக் கோட்டின் மேலேயே மின்ரம்பத்தை வைத்தார். வைத்துவிட்டு ஒரு நிமிடம் நின்றார். ரம்பம் இறங்கியது. பதினான்கு வருடத்துப் பலகையின் உள்ளே மரம் இன்னும் சிவப்பாக, வாசனையாக இருந்தது. பலகைகளை எடுத்தபின் இரண்டு குறுக்குச் சட்டங்கள் வழியில் நின்றன. அவற்றையும் அறுத்து, முனைகளுக்குக் குறுக்கே புதுக்கட்டை கொடுத்துத் தாங்கவைத்தார். விரல்கள் மரத்துப்போய் இரண்டு தடவை உள்ளே போய்ச் சூடாக்கிக்கொண்டு வந்தார். சாப்பிட்டுவிட்டு வேலையைப் பார் என்று வெர்னா பீட்ரூட் சூப்பைக் கொண்டுவந்தாள். நின்றபடியே குடித்தார்.

இரண்டு மணிக்கு ரோஷெல் வந்தபோது குழி திறந்திருந்தது.

"அடடே," என்றாள். "நீங்க தளத்தை வெட்ட மாட்டீங்கன்னு வழியெல்லாம் நினைச்சிட்டு வந்தேன்."

குழிக்குள் இறங்கித் தகட்டைக் கழற்றினாள். உள்ளே எலி கூடு கட்டியிருந்தது. குளிர் தடுக்க வைத்திருந்த இளஞ்சிவப்புப் பஞ்சைப் பிய்த்துப் போட்டு, ஒரு குடும்பமே நடத்தியிருந்தது. அதை ஒதுக்கிவிட்டு விளக்கை நீட்டினாள். பம்பின் கழுத்திலிருந்து அடிவரை துரு ஒழுகி வழிந்து காய்ந்திருந்தது.

"சீல் போயிருக்கு. மூணு நாலு வருஷமாவே சொட்டிட்டு இருந்திருக்கும். அந்தத் தண்ணி தண்டு வழியா போய் பேரிங்கைத் தின்னிருக்கு. யாராச்சும் ஒரு தடவை குனிஞ்சு பாத்திருந்தா சீலை மட்டும் மாத்தியிருக்கலாம்."

"பாக்கணும்னா கதவு இருந்திருக்கணும்," என்றார் நெஸ்டர். "நான் வெக்கலை. தப்பு என்னுது."

ரோஷெல்லுக்கு அது சாதாரணப் பேச்சு. தலையாட்டிவிட்டுக் குறடை எடுத்தாள். குழி ஓரத்தில் விளக்கைப் பிடித்துக்கொண்டிருந்த வெர்னா மட்டும் திரும்பி, புருஷன் முகத்தை நாற்பத்தாறு வருடத்தில் பார்க்காதது மாதிரி பார்த்தாள். விளக்கு வேறெங்கோ காட்டியது.

"வெளிச்சம், வெளிச்சம்," என்றாள் ரோஷெல்.

ஒரு குழாயின் முழங்கை வளைவில் ஐஸ் பிடிக்கத் தொடங்கியிருந்தது. இன்னும் இரண்டு மணி நேரம் விட்டிருந்தால் கதை முடிந்திருக்கும். வெர்னாவின் தலைமுடி உலர்த்தியைக் கொண்டுவந்து கால் மணி நேரம் ஊதினார்கள். பிறகு ரோஷெல் பம்புக்கு இரண்டு பக்கமும் இருந்த வால்வுகளை மூடி, குழாயைப் பம்போடு இணைக்கும் யூனியனைத் தளர்த்தி, செத்த பம்பை வெளியே தூக்கிப் போட்டாள். புதியதை வைத்து, வயர்களை ஒவ்வொன்றாகப் பழைய இடத்துக்கே மாற்றினாள். வால்வைத் திறந்ததும் பிரேக்கரைப் போடப் போன நெஸ்டரை நிறுத்தினாள்.

"அவசரப்படாதீங்க. உள்ளே காத்து நிக்குது. காத்தோட ஓட்டினா புது சீலும் கருகிடும்." யூனியனை அரைச் சுற்றுத் தளர்த்தினாள். உஸ்ஸென்று காற்று போயிற்று, கொஞ்சம் நுரை, பிறகு தண்ணீர். இறுக்கினாள். "இப்ப போடுங்க."

பம்பு இரண்டு தடவை செருமிவிட்டுச் சீராக ஓடியது. நெஸ்டரின் கால் வழியாக அது ஏறிவந்தது. தண்ணீர் இருபத்தொன்பது டிகிரி. காலைக்குள் முப்பத்தெட்டுக்கு வந்துவிடும், அதுவரை மூடியைத் திறக்காதீர்கள் என்று சொல்லிவிட்டு, வெர்னா முன்பே செய்துவைத்திருந்ததில் பொட்டலம் கட்டிக் கொடுத்த பெரோகியை வாங்கிக்கொண்டு ரோஷெல் கிளம்பினாள்.

வெளிச்சம் மங்க இன்னும் அரைமணி இருந்தது. வெட்டியெடுத்த பலகைகளை நெஸ்டர் சேர்த்துவைத்து, அடியில் சட்டம் கொடுத்து, குழிக்கு மூடி செய்யத் தொடங்கினார். வெர்னா போர்வையைச் சுற்றிக்கொண்டு படியில் உட்கார்ந்திருந்தாள்.

"எனக்கு அப்பவே தெரியும்," என்றார், தலை நிமிராமல். "கட்டி முடிச்ச மறுநாளே. புத்தகத்துல போட்டிருந்துச்சு."

"தெரியும்."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"அன்னிக்கு ராத்திரி நீ சாப்பிடலை. புத்தகத்தையும் காணோம். அப்புறம் தினம் காலையில போய் பலகை மேல நின்னே. அழகு பாக்கற ஆள் கீழே பாப்பான், நெஸ்டர். நீ கண்ணை மூடிட்டு நின்னே."

நெஸ்டர் சுத்தியலைக் கீழே வைத்தார். "ஏன் சொல்லலை?"

"சொல்லியிருந்தா அதுக்கு மேலயும் ஒரு பலகை அடிச்சிருப்பே."

அவருக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்க முடியவில்லை. பதினான்கு வருடம் தான் மட்டும் தனியாகச் சுமந்ததாக நினைத்த பயத்தை இவளும் சமையலறை ஜன்னலிலிருந்து சுமந்திருக்கிறாள். ஒவ்வொரு காலையும், இவர் பலகை மேல் நின்று உள்ளே வருகிறவரை. தன் வாய் திறக்காததால் இரண்டு பேர் பயந்திருக்கிறார்கள் என்பது இத்தனை வருடத்தில் அவருக்குத் தோன்றவே இல்லை. வெட்கமாக இருந்தது. சுமை பாதியாகக் குறைந்த மாதிரியும் இருந்தது. எதை முதலில் சொல்வது என்று தெரியாமல் வேலைக்கே திரும்பினார்.

மூடி தயாரானது. குழியில் பொருந்தி உட்கார்ந்தது. சுற்றிலும் ரம்பம் போன கோடு மட்டும் சிவப்பாகத் தெரிந்தது. அதை மறைக்க அவர் முயற்சி செய்யவில்லை.

"பிடி எங்க வெக்கறது?" என்று கேட்டார். "நீ சொல்லு."

எந்த வேலையிலும் அவர் அவளைக் கேட்டதில்லை. வெர்னா எழுந்து வந்து மூடியைச் சுற்றிப் பார்த்தாள்.

"படிக்கட்டுப் பக்கமா வை. கனமா வேண்டாம். என் கையால தூக்கற மாதிரி இருக்கணும்."

"நீ எதுக்குத் தூக்கணும்? நான் இருக்கேனே."

"நீ இல்லாத அன்னிக்கு நான்தானே தூக்கணும்."

அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். நெஸ்டர் கையுறையைக் கழற்றிவிட்டு அவள் வலது கையை எடுத்து, விரல்களை மெதுவாக மடக்கிப் பார்த்தார். எந்த அளவோடு நிற்கின்றன, எங்கே வலிக்கிறது. பிறகு கொட்டகைக்குள் போய், அந்தக் கைக்குள் அடங்குகிற கனத்தில் பிடிக்கு ஒரு கட்டையைத் தேடத் தொடங்கினார்.